நூறு வாட் வகுப்பறை

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர் எடுக்கும் குறும்படத்தைப் பெரும்பாலும் இரண்டு தரப்பினர்தான் பார்க்கிறார்கள்: மதிப்பெண் போடும் ஆசிரியர், லைக் போடும் நண்பர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்குப் பயன்படும்படி பேசப் பழக வேறு களம் வேண்டும். தமிழகக் கல்லூரிகள் சிலவற்றில் சமுதாய வானொலி அந்தக் களமாகியிருக்கிறது.

காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் கல்வி நிறுவனங்களுக்கு வானொலி நடத்த அனுமதி கிடைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம்., இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. அதில் நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் ஊடக அறிவியல் மாணவர்கள். சென்னை எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரியும் திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியும் பிறகு இந்த வரிசையில் சேர்ந்தன.

அரசு 2006இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் பாடப்புத்தகமாகவே வைக்கலாம். ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட்தான். சில கிலோமீட்டர் தாண்டினால் கேட்காது. நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது வருங்கால நிருபர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் குடிநீர் வராத நாள், மின்தடை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, புயல் எச்சரிக்கை எல்லாம் சொல்லலாம். தெருவில் இருப்பவருக்கு வேண்டியவையும் இவைதானே!

இரத்தசோகை பற்றி ஒரு நிகழ்ச்சி என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் அளவை மருத்துவர் விளக்கிவிடுவார். "இரும்புச்சத்து மாத்திரை போட்டா வயித்தைப் புரட்டுதே, என்ன செய்ய?" என்ற கேள்வி குடியிருப்புக்குப் போய்ப் பேசினால்தான் கிடைக்கும். அதைக் கேட்காத நிகழ்ச்சி, ஒலிப்பதிவு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அரைகுறைதான்.

இப்படி மக்களுக்குப் பயன்படுவதும் சேவைதான். மாணவர் சேவை என்றதும் 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் நினைவுக்கு வரும். அதில் குளம் தூர்வாருபவர் எந்தப் பாடம் படிப்பவராகவும் இருக்கலாம். சமுதாய வானொலியில் சேவையே பாடம். எழுதிய உரை ஏன் எடுபடவில்லை என்பதை வகுப்பில் அலசியாக வேண்டும்.

சிக்கல் செமஸ்டரில் இருக்கிறது. ஒரு பகுதி மக்களின் நம்பிக்கையைப் பெறுவதற்குள் தேர்வு வந்துவிடும். மூன்றே ஆண்டில் மாணவரும் போய்விடுவார். எஞ்சுவது அந்த ஊர் மக்கள்தான். அதனால் அண்ணா எஃப்.எம். போன்ற நிலையங்கள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கே ஒலிப்பதிவு பழக்கியது நல்ல ஏற்பாடு. கேள்வி கேட்கும் வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டால் மாணவருக்கு எடிட்டிங் மிஞ்சும்.