மரம் மாறினால் ஒலி மாறுமா?

ஒரு மேசைமீது மூன்று யுகுலேலேக்கள் வைக்கப்பட்டுள்ளன என்று எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றும் புதியவை, ஒரே அளவின, ஒரே வகை நைலான் நரம்புகள் பூட்டப்பட்டவை. ஒன்றின் முகம் வெளிர்மஞ்சள் நிறம். மற்றொன்று செம்பழுப்பு. மூன்றாவதோ பொன்னும் பழுப்பும் கலந்தது. வெளிச்சத்தில் திருப்பினால் பட்டுச் சேலையின் முந்தானைபோல் நிறம் மாறி மின்னும். முதலாவது ஸ்ப்ரூஸ் மரத்தால் ஆனது, இரண்டாவது மகோகனி, மூன்றாவது கோஆ. மூன்றையும் மீட்டினால் ஒரே சுரம் எழுகிறது. ஆனால் ஒரே குரலில் எழுவதில்லை. விலையும் ஒன்றன்று. பெரும்பாலும் கோஆ மரக் கருவியே மூன்றிலும் விலை மிகுந்தது. அந்த மிகுதியான விலை காதுக்காகத் தரப்படுகிறதா, கண்ணுக்காகத் தரப்படுகிறதா?

இவ்வினாவுக்கு விடை காணுமுன் கருவியின் பிறப்பை அறிவோம். 1879ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'ரேவன்ஸ்கிராக்' என்னும் கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு துறைமுகத்தை அடைந்தது. போர்ச்சுகலுக்கு உரிய மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தம் செய்துகொண்டு வந்த நானூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். மனுவேல் நூனெஸ், அகஸ்தோ டியஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்னும் மூன்று தச்சர்களும் அவர்களுள் அடங்குவர். தம் ஊரின் 'மஷெட்டெ' என்னும் சிறிய நரம்புக் கருவியை அவர்கள் மறக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தபின் ஹொனலுலுவில் பட்டறை வைத்து, அதனைச் சிறிது மாற்றிச் செய்தனர். அதுவே யுகுலேலே. ஹவாய் மொழியில் இச்சொல்லுக்குத் 'துள்ளும் தெள்ளுப்பூச்சி' என்று பொருள் கூறுவர்.

மதீராவின் மரங்கள் அங்கே கிடைக்கவில்லை. ஆதலால் தச்சர்கள் உள்ளூர் மரமாகிய கோஆவைக் கையில் எடுத்தனர். (கோவா என்று எழுதினால் நம் மேற்குக் கடற்கரை மாநிலமோ பாலில் செய்யும் இனிப்போ நினைவுக்கு வரும், ஆகையால் கோஆ என்றே எழுதுவோம்.) ஹவாய் மக்கள் தம் படகுகளைக் குடைந்து செய்த மரமும் இதுவே. உலகில் ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. இன்றும் யுகுலேலே என்றவுடன் கோஆ நினைவுக்கு வருவதற்கு இந்த வரலாறே முதற்காரணம்.

இனி ஒலி பிறக்கும் விதத்தைப் பார்ப்போம். யுகுலேலேயின் நான்கு நரம்புகளையும் ஏறத்தாழ 392, 262, 330, 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களுக்குச் சுருதி சேர்ப்பர். நரம்பு மெல்லியது, அது தானாக அசைக்கும் காற்று மிகக் குறைவு. நரம்பின் அதிர்வு, வீணையில் உள்ளதுபோன்ற 'குதிரை' என்னும் கட்டையின் வழியாக முகப்பலகைக்கு இறங்குகிறது. அகன்ற முகப்பலகை அதிரும்போதுதான் போதுமான காற்று அசைந்து, ஒலி நம் செவிக்கு எட்டுகிறது. யுகுலேலேயின் நரம்புகள் தரும் மொத்த இழுவிசை, உலோகக் கம்பி பூட்டிய கிதாரின் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. இச்சிறு விசையால் அசைய வேண்டுமாயின், பலகை மிக மெல்லியதாக இருத்தல் வேண்டும். பொதுவாக அதன் தடிமன் 2 மில்லிமீட்டர் அளவே.

மரத்திற்கு மரம் வேறுபடும் இரண்டு பண்புகள் இங்கே முதன்மையானவை. ஒன்று அடர்த்தி, மற்றொன்று விறைப்பு. ஸ்ப்ரூஸ் என்பது இமயமலைச் சாரலிலும் காணப்படும் ஊசியிலை மர இனம். கருவி செய்யப் பெரிதும் பயன்படும் சிட்கா ஸ்ப்ரூஸ் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளர்வது. அதன் ஒரு கன மீட்டர் மரம் ஏறத்தாழ 425 கிலோ எடையுள்ளது. மகோகனியும் கோஆவும் 600 கிலோவை ஒட்டியவை. ஸ்ப்ரூஸ் எடை குறைந்ததாயினும் இழையோட்டத்தின் திசையில் மிகுந்த விறைப்புடையது. இலேசான பலகை விரைந்து அசையும். விறைப்பான பலகை அதிர்வைத் தொலைவுக்குக் கடத்தும். எனவே ஸ்ப்ரூஸ் முகமுடைய கருவி நரம்பைத் தொட்டவுடன் கணீரென ஒலிக்கிறது. மகோகனியின் ஒலி சற்று மென்மையாக, கூர்மை மழுங்கி, நடுத்தானத்தில் நிறைந்து நிற்கும். கோஆ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது என்பர் கருவி செய்வோர். மேல் சுரங்களில் ஓர் இனிய மினுக்கம் இருக்கும். ஆயினும் ஸ்ப்ரூஸ்போல் முந்திக்கொண்டு ஒலிக்காது.

இதனை ஓரளவு நீங்களே உணரலாம். கிரிக்கெட் மட்டை, தேக்குக் கதவு, காய் நறுக்கும் பலகை ஆகியவற்றை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சில மரங்கள் 'டக்' என்று அடங்கிவிடும். சில மணிபோல் சிறிது நேரம் பேசும். கருவி செய்வோரும் பலகையை வாங்குமுன் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்பர். தஞ்சாவூரில் வீணைக்குப் பலா மரத்தைத் தேர்ந்தெடுப்போரும் மரத்தின் இயல்பை அறிந்தே தேர்ந்தெடுக்கின்றனர்.

ஆயினும் 'ஸ்ப்ரூஸ் என்றால் கணீர், மகோகனி என்றால் மென்மை' என்று மனப்பாடம் செய்துவிடலாகாது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் கிதார் செய்வதில் புகழ்பெற்றது. 1907ஆம் ஆண்டளவில் அது முதன்முதலாக யுகுலேலே செய்ய முயன்றது. கிதாரில் பழகிய வழியிலேயே ஸ்ப்ரூஸ் முகப்பலகை பொருத்தி, உள்ளே வலுவான தாங்குசட்டங்களும் ஒட்டியது. ஒலி உயிரற்றிருந்தது, முயற்சி கைவிடப்பட்டது. 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குப் பின் யுகுலேலே மோகம் அமெரிக்காவெங்கும் பரவியது. அப்போது அந்நிறுவனம் மகோகனியை மெல்லிதாகச் சீவி, சட்டங்களைக் குறைத்துச் செய்தது. அக்கருவிகள் பெருவெற்றி பெற்றன. முதல் தோல்விக்கு ஸ்ப்ரூஸ் காரணமன்று. நான்கு மெல்லிய நரம்புகளால் அசைக்க இயலாதவாறு அமைந்த கனத்த கட்டுமானமே காரணம். இன்று நன்கு செய்யப்பட்ட ஸ்ப்ரூஸ் யுகுலேலேக்கள் கச்சேரிகளில் ஒலிக்கின்றன.

முகப்பலகைக்கு இவ்வளவு பங்கு இருந்தால் பின்பலகைக்கு எவ்வளவு? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். ஆறு கிதார்கள் ஒரே அமைப்பில் செய்யப்பட்டன. பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் ஆறு வெவ்வேறு மரங்கள். விலையுயர்ந்த பிரேசில் ஈட்டி மரமும் நம் நாட்டு ஈட்டி மரமும் அவற்றுள் இருந்தன. 52 கலைஞர்கள் மங்கிய ஒளியில், மரத்தைக் காண இயலாதபடி கண்ணாடி அணிந்து அவற்றை வாசித்தனர். ஆறு கருவிகளின் ஒலிக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சோதனை கிதாரில் நடந்ததே எனினும், யுகுலேலே வாங்குவோரும் இதனை நினைவில் கொள்ளத்தக்கது. அழகிய பின்பலகைக்காகப் பெரும் விலை கொடுப்பது பெரும்பாலும் கண்ணுக்கான செலவே. அது தவறன்று, ஆனால் அதனை ஒலிக்கான செலவென்று எண்ணுவதே ஏமாற்றம்.

இன்னோர் ஏமாற்றமும் உண்டு. மலிவான கருவிகள் பலவற்றில் 'கோஆ' எனக் குறிப்பிடப்படுவது ஒட்டுப்பலகையின்மேல் ஒட்டிய மெல்லிய தோல் மட்டுமே. ஒலித்துளையின் விளிம்பைக் கூர்ந்து நோக்குங்கள். மேற்பரப்பின் இழைக்கோடுகள் விளிம்பின் வழியே தொடர்ந்து கீழிறங்கினால் அது ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை எளிதில் வெடிக்காது. பள்ளிக்குத் தூக்கிச் செல்ல ஏற்றது. ஆனால் அதில் மரத்தின் குரலை ஒப்பிடுவது வீண்.

உண்மையாக ஒப்பிட விரும்பினால் மரம் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஒன்றாக இருத்தல் வேண்டும்: அளவு, நரம்பு, சுருதி, வாசிக்கும் கை, மீட்டும் இடம். கேட்பவர் திரும்பி அமர வேண்டும். புது நைலான் நரம்பு முதல் சில நாள்கள் நீண்டுகொண்டே இருக்கும், சுருதி இறங்கும். ஆகவே கடையில் கேட்ட முதல் ஒலியைக் கொண்டு தீர்ப்பு வழங்குதல் கூடாது. ஒவ்வொரு முறையும் பிரடையைத் திருகிச் சுருதி சேர்த்த பின்னரே கேட்க வேண்டும். ஒரு நரம்பை மீட்டி, ஒலி முற்றும் அடங்கும்வரை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை 'இனிமை' என்னும் சொல்லைவிட நேர்மையானது.

இவ்வளவு நுணுகிக் கேட்பது எதற்கு என்று தோன்றலாம். ஹவாயின் கோஆக் காடுகள் மேய்ச்சல் நிலங்களுக்காகப் பெருமளவு அழிக்கப்பட்டன. மாடுகள் கன்றுகளைத் தின்றுவிடுவதால் வெட்டிய இடத்தில் மரம் எளிதில் மீளவில்லை. அதனால் மாற்று மரங்களைத் தேடுவது கட்டாயமாயிற்று. கோஆவுக்கு மிக நெருங்கிய உறவான ஆஸ்திரேலியக் கருமரம் அவற்றுள் ஒன்று. 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டு இன்று நீலகிரியிலும் வளர்வது. கண்ணை மூடிக் கேட்டால் அதனையும் கோஆவையும் பிரித்தறிவது கடினம்.

மற்றொன்று நமக்கு மிகப் பழகிய மாமரம். நம் நாட்டில் தோன்றிய மா, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி ஹவாய் சேர்ந்தது. இன்று அங்கே வீட்டுத் தோட்டங்களில் முதிர்ந்து சாய்ந்த மாமரங்களையும் யுகுலேலேயாக்குகின்றனர். சில பலகைகளில் பூஞ்சை படர்ந்து, மையால் வரைந்தாற்போன்ற கருங்கோடுகள் ஓடும். மகோகனியின் மென்மையும் கோஆவின் மினுக்கமும் சிறிது கலந்த குரல் அதற்கு. அம்மரத்திற்காக எந்தக் காட்டையும் வெட்ட வேண்டியதில்லை.