பாதரசத்தை உள்ளே இழுக்கும் பாக்டீரியா

சீதபேதிக் கிருமியான ஷிகெல்லாவிலிருந்து 1950களில் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்ட ஆர்100 என்ற பிளாஸ்மிட் (பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுதிக்கு வெளியே இருக்கும் தனி டிஎன்ஏ வளையம்) ஏறத்தாழ 94,000 டிஎன்ஏ எழுத்துகள் நீளமுள்ளது. சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிக்கால் ஆகிய நான்கு மருந்துகளுக்கும் ஈடுகொடுக்கும் மரபணுக்கள் அதில் உள்ளன. பாதரசத்துக்கு ஈடுகொடுக்கும் ‘மெர்’ மரபணுத் தொகுப்பும் அதே வளையத்தில்தான் இருக்கிறது. மருத்துவமனையின் பிரச்சினையும் ஆலைக் கழிவின் பிரச்சினையும் வேறுவேறு என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கன உலோகங்களைச் சமாளிக்க பாக்டீரியாக்கள் பெரும்பாலும் கையாளும் வழி, உள்ளே வந்ததை வெளியே தள்ளுவது. பெல்ஜியத்தின் லியேஜ் பகுதியில் ஒரு துத்தநாக ஆலையின் கழிவுத் தொட்டியில் 1976இல் கண்டெடுக்கப்பட்ட ‘குப்ரியாவிடஸ் மெட்டாலிடுரன்ஸ்’ இரண்டு பெரிய பிளாஸ்மிட்டுகளைச் சுமக்கிறது. அவற்றிலுள்ள மரபணுக்கள் அமைக்கும் பம்புகள் கோபால்ட், நிக்கல், துத்தநாகம், காட்மியம் ஆகியவற்றை செல்லிலிருந்து வெளியேற்றுகின்றன. ஆர்சனிக்கும் அப்படித்தான் வெளியேறுகிறது. ஆர்சனேட்டாக வந்தால் மட்டும், அதைவிட நச்சு மிகுந்த ஆர்சனைட்டாக மாற்றிய பிறகே பம்பு அதை வெளியே தள்ளும்.

பாதரச விஷயத்தில் எல்லாம் தலைகீழ்: அது முதலில் உள்ளே இழுக்கப்படுகிறது. புரதங்களில் கந்தகத்தை எங்கே கண்டாலும் பாதரச அயனி ஒட்டிக்கொள்ளும், புரதம் செயலிழக்கும். அதன் நச்சுத்தன்மையே அதுதான். மெர் தொகுப்பு அந்தக் குணத்தையே பிடியாக்கிக்கொள்கிறது. உள்சவ்வுக்கு வெளியே காத்திருக்கும் மெர்பி என்ற சிறு புரதம் தன் இரண்டு கந்தக முனைகளால் அயனியைப் பிடிக்கிறது. சவ்வில் பதிந்திருக்கும் மெர்டி அதை வாங்கி உள்ளே இருக்கும் மெர்ஏ நொதியிடம் ஒப்படைக்கிறது. கட்டட வேலையில் செங்கல் கைமாறுவதுபோல, நடுவில் எங்கும் தரையில் விழுவதில்லை. அயனி தனியாக அலைய நேரமே கிடைப்பதில்லை. மெர்ஏ அதற்கு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்ததும் அது உலோகப் பாதரசமாகி, ஆவியாகக் கசிந்து வெளியேறுகிறது. மெர்ஏ மரபணுவை மட்டும் நீக்கிவிட்டால், எதிர்ப்பே இல்லாத சாதாரண பாக்டீரியாவைவிடக் குறைந்த அளவு பாதரசத்துக்கே அந்த செல் பலியாகிறது. விஷத்தை இழுத்துவரும் வேலை மட்டும் நடக்கிறது, முறிக்கும் வேலை நடப்பதில்லை.

இவ்வளவையும் தேவையில்லாதபோது தயாரித்துக்கொண்டிருப்பது வீண். அதனால் மெர்ஆர் என்ற புரதம் காவலுக்கு இருக்கிறது. மரபணுவைப் படிக்கத் தொடங்கும் இடத்தில் இரண்டு அடையாளத் துண்டுகளுக்கு நடுவே வழக்கமாக 17 எழுத்துகள் இருக்கும், இங்கே 19. அந்த இரண்டு எழுத்து மிகையால் துண்டுகள் ஒன்றுக்கொன்று திரும்பி நிற்க, படிக்கும் நொதி வந்து அமர்ந்தும் வேலையைத் தொடங்க முடிவதில்லை. ஒரே ஒரு பாதரச அயனி மெர்ஆரில் ஒட்டினால் போதும். மெர்ஆர் டிஎன்ஏவைச் சற்று முறுக்கவிழ்த்து இரு துண்டுகளையும் நேருக்கு நேர் கொண்டுவந்துவிடும். படிப்பு உடனே தொடங்கும்.

இந்த பாக்டீரியாக்களைக் கொண்டு மாசை ‘நீக்கலாம்’ என்ற அறிவிப்புகளில் அந்த வினைச்சொல்லைக் கவனமாகப் படிக்க வேண்டும். பாதரசம் ஒரு தனிமம். எந்த நொதியும் அதை அழிப்பதில்லை. நீரிலிருந்து ஆவியான பாதரசம் காற்றில் பல மாதங்கள் மிதந்து, வேறெங்கோ மண்ணிலும் கடலிலும் இறங்குகிறது. ஜெர்மனியில் குளோர்-ஆல்கலி (குளோரினும் காரமும் தயாரிக்கும்) ஆலைக் கழிவுநீருக்காக அமைக்கப்பட்ட பாக்டீரியா உலைகள் உலோகப் பாதரசத்தைத் துளிகளாக உள்ளேயே தேக்கிவைத்தன. அப்படிப் பிடித்துவைக்கும் ஏற்பாடு இல்லாத திட்டம் மாசை இடம் மாற்றுகிறதே தவிர நீக்குவதில்லை.

அதைவிடக் கவலைக்குரியது மரபணுக்களின் அண்டைவீட்டு உறவு. ஆர்100இல் மெர் தொகுப்பு டிஎன்21 என்ற தாவும் துண்டுக்குள் இருக்கிறது. சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு மரபணுக்களும் அதே துண்டுக்குள்தான். பாதரசம் கலந்த ஓடையில் தப்பிப்பிழைக்கும் பாக்டீரியா, எந்த மருந்தையும் சந்திக்காமலேயே மருந்து எதிர்ப்பையும் சேர்த்துப் பெருக்குகிறது; இன்னொரு இனத்துக்குக் கைமாற்றியும் கொடுக்கிறது. குரங்குகளின் பற்களில் பாதரசக் கலவை அடைத்துச் செய்த, 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாயிலும் குடலிலும் பாதரச எதிர்ப்பு பாக்டீரியாக்கள் பெருகின. அவற்றில் பல, மருந்துகளுக்கும் அடங்கவில்லை. மருந்துக் கடைகளில் சீட்டு கேட்பது மட்டுமே மருந்து எதிர்ப்பைக் கட்டுப்படுத்திவிடும் என்ற கணக்கில் உலோகக் கழிவு இடம்பெறுவதே இல்லை.

மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசத்தையும் மெர் தொகுப்பு உடைக்குமா? கரிம-பாதரச லையேஸ் என்ற இன்னொரு நொதியும் இருந்தால் உடைக்கும். டிஎன்21இல் அது இல்லை.

வெள்ளிக்கும் எதிர்ப்பு உண்டா? உண்டு, 1970களில் அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் கிடைத்த சால்மொனெல்லாவின் பிளாஸ்மிட்டில் அந்த மரபணுக்கள் இருந்தன.

ஆலைகள் வந்த பிறகுதான் இந்த எதிர்ப்பு மரபணுக்கள் தோன்றினவா? இல்லை, சைபீரியாவின் உறைநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த பாக்டீரியாக்களிலும் மெர் மரபணுக்கள் இருந்தன.