அடிக்கடி புரையேறுகிறதா? ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று விட்டுவிடாதீர்கள்!

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால், உச்சந்தலையில் தட்டி, ‘யாரோ உங்களை நினைக்கிறாங்க’ என்று சொல்வது நம் வழக்கம். என்றாவது ஒருநாள் என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால், 70 வயதைத் தாண்டிய அப்பாவுக்கோ பாட்டிக்கோ வாரத்தில் பல நாள்கள், அதுவும் வெறும் தண்ணீர் குடிக்கும்போதே புரையேறினால், அது கவனிக்க வேண்டிய அறிகுறி.

தண்ணீர்தான் கஷ்டம்!

தொண்டையில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் அடுத்தடுத்து இருக்கின்றன. விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு நிற்கும். குரல்வளை மேலெழும்பி மூடிக்கொள்ளும். உணவு சரியான வழியில் இறங்கும். வயதாக ஆக, நாக்கு, தொண்டைத் தசைகளின் பலம் குறைகிறது. பற்கள் விழுகின்றன. சில மாத்திரைகளால் உமிழ்நீரும் வற்றுகிறது. இதனால் மூடிக்கொள்வது சற்றே தாமதமாகிறது.

கெட்டியான உணவு மெதுவாக நகரும். தண்ணீர், காபி, ரசம் எல்லாம் வேகமாக ஓடிவிடும். தொண்டை மூடுவதற்குள் மூச்சுக்குழாய்க்குள் சில துளிகள் போய்விடும். அதனால்தான் இட்லி சாப்பிடும்போது வராத இருமல், தண்ணீர் குடிக்கும்போது வருகிறது.

வயதால் விழுங்குவது மெதுவாவது இயல்பு. அடிக்கடி புரையேறுவது இயல்பல்ல. பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய் போன்றவை பின்னணியில் இருக்கலாம். மூச்சுக்குழாய்க்குள் போகும் உணவும் வாயில் உள்ள கிருமிகளும் நுரையீரலில் சேர்ந்தால் நிமோனியா வரலாம். முதியவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

இவற்றைக் கவனியுங்கள்

* சாப்பிட்டதும் குரல் ‘களகள’வென்று ஈரமாக ஒலிப்பது
* ஒரு வாய் உணவை இரண்டு, மூன்று முறை விழுங்குவது
* கன்னத்தின் ஓரத்தில் உணவு தங்குவது
* சாப்பிட வழக்கத்தைவிட அதிக நேரமாவது
* காரணமின்றி எடை குறைவது, அடிக்கடி சளி, காய்ச்சல் வருவது

சிலருக்கு இருமலே வராமல் உணவு உள்ளே போய்விடும். அதனால், ‘இருமல் இல்லையே’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. இன்னும் சிலர், புரையேறுமே என்று பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரக் கூச்சப்பட்டு, ‘பசிக்கலை’ என்பார்கள். அந்தப் பதிலையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

சாப்பிடும் முறையை மாற்றுங்கள்

அண்ணாந்து தண்ணீர் குடிப்பது நம் பழக்கம். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இது ஆகாது. டம்ளரில் வாய்வைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கச் சொல்லுங்கள். தாடையை மார்புப் பக்கம் லேசாகத் தாழ்த்தி விழுங்குவது பலருக்கு உதவும். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது என்பதால் நிபுணரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

படுத்தபடியோ சாய்ந்தபடியோ ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, சின்ன ஸ்பூனில் கொடுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். டி.வி., பேச்சு எல்லாம் அப்புறம். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். தினமும் இருமுறை பற்களையும் நாக்கையும் சுத்தம் செய்வதும், பல்செட்டைக் கழற்றிக் கழுவுவதும் நிமோனியா ஆபத்தைக் குறைக்கும்.

தட்டில் என்ன வைக்கலாம்?

குழைய வேகவைத்து மசித்த பருப்பு சாதம், தயிர் சாதம், கெட்டியான கேழ்வரகுக் கூழ் போன்றவை பெரும்பாலும் எளிதாக இறங்கும். மிக்சர், பொரி, உதிரியான புட்டு, நிலக்கடலை ஆகியவற்றைத் தவிர்க்கலாம். நீர்த்த ரசம் சாதத்தில் எச்சரிக்கை தேவை. பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் ஓடிவிடும்.

தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடர்கள் மருந்துக்கடைகளில் கிடைக்கின்றன. யாருக்கு, எந்த அளவுக்குக் கெட்டியாக வேண்டும் என்பதைப் பரிசோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். தண்ணீர் கெட்டியாக இருந்தால் சிலர் குடிக்கும் அளவே குறைந்துபோகும். மாத்திரைகளையும் நீங்களாகவே பொடித்துக் கொடுக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி தயாரிக்கப்பட்ட மாத்திரையைப் பொடித்தால், மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும்.

யாரைப் பார்ப்பது?

முதலில் குடும்ப மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் விழுங்குவதற்கும் பயிற்சி தருவார்கள். மூக்கு வழியாகச் சிறு கேமராவை நுழைத்தோ, எக்ஸ்ரே வீடியோ மூலமோ உணவு எங்கே தடம் மாறுகிறது என்று கண்டுபிடிக்கலாம். அதற்கேற்ப நாக்கு, தொண்டைத் தசைகளுக்குப் பயிற்சி தருவார்கள்.

கெட்டியான உணவு மட்டும் நெஞ்சில் நிற்பதுபோல் இருந்து, அது நாளுக்கு நாள் அதிகரித்தால் தாமதிக்காதீர்கள். உணவுக்குழாயில் அடைப்போ புற்றுநோயோ இருக்கிறதா என்று எண்டோஸ்கோபி மூலம் பார்க்க வேண்டியிருக்கும். திடீரென விழுங்க முடியாமல், வாய் கோணி, பேச்சும் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

அடைத்துக்கொண்டால்...

இரும முடிந்தால் இருமவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பேசவோ இருமவோ முடியாமல் திணறினால், முன்பக்கம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக 5 முறை தட்டுங்கள். சரியாகாவிட்டால், பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி, மேல்நோக்கி 5 முறை அழுத்துங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

இன்று இரவு உணவின்போது, வீட்டுப் பெரியவருடன் சேர்ந்து உட்காருங்கள். அவர் எப்படி விழுங்குகிறார், எதை ஒதுக்குகிறார், எப்போது இருமுகிறார் என்று பாருங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.