மரத்தூளும் பிளாஸ்டிக் கழிவும்: நுரைப் பலகையின் மறுபக்கம்

புது தில்லி: அரசுக் கட்டடங்களில் மரத்தைப் பயன்படுத்தலாகாது என மத்திய பொதுப்பணித் துறை 1993-ல் விதித்த தடை, 27 ஆண்டுகளுக்குப் பின் 2020-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையே, கூடலூர் வனங்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12-ல் பிறப்பித்த உத்தரவு, நாடெங்கும் வனப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது. இச்சூழலில் மரத்துக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டவற்றுள் ஒன்று, மர இழையும் பிளாஸ்டிக்கும் கலந்த நுரைப் பலகை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, 2020-21-ல் நாட்டில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன். மறுபுறம் மர அறுவை ஆலைகளில் தூளும், அரிசி ஆலைகளில் உமியும் குவிகின்றன. இரு கழிவுகளும் ஒரே பலகையாக மாறுமெனில் ஆதாயம் இரட்டிப்பாகும்.

ஆனால் செய்முறை எளிதன்று. மரம் ஈரத்தை ஈர்க்கும். பாலிஎத்திலீன் நீரை விலக்கும். இவற்றைப் பிணைக்க மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றப்பட்ட பாலிமர் சேர்க்கப்படுகிறது. வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மர இழை சிதையத் தொடங்கும். எனவே, உருகுவதற்குச் சுமார் 250 டிகிரி தேவைப்படும் தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக் இதற்கு உதவாது. நுரையூட்டும் வேதிப்பொருள் வெளியிடும் வாயு, உருகிய கலவையில் நுண்குமிழ்களை உண்டாக்குகிறது. இதனால் பலகையின் எடை குறைகிறது. ஆணியும் திருகும் பிளவின்றி இறங்குகின்றன. தூளில் ஈரம் மிஞ்சினாலோ, நீராவி குமிழ்களைச் சீர்குலைத்துப் பலகையை வலுவிழக்கச் செய்யும்.

கேள்வி எழுவது சந்தையில்தான். கதவுக்கும் அலமாரிக்கும் விற்கப்படும் நுரைப் பலகைகளில் பல பி.வி.சி.யை அடிப்படையாகக் கொண்டவை. பி.வி.சி.யை நிலைப்படுத்த ஈயச் சேர்மங்கள் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன. அவற்றை விலக்க மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட விதிகள், குழாய்களுக்கும் அவற்றின் இணைப்புகளுக்கும் உரியவை, பலகைகளுக்கு அல்ல. 2022 பிப்ரவரியில் வெளியான உற்பத்தியாளர் பொறுப்பு நெறிமுறைகளும் பிளாஸ்டிக் பொதிகளைப் பற்றியவையே.

புதிய பி.வி.சி.யில் வார்த்த பலகையும் மரத்தைக் காப்பதாகச் சொல்லி விற்கப்படலாம். அது குப்பைமேட்டிலிருந்து ஒரு கிலோவைக்கூடக் குறைப்பதில்லை. பலகையில் கழிவின் பங்கு எத்தனை சதவீதம், ஈயம் உண்டா என்ற இரு கேள்விகளையும் அரசு தன் ஒப்பந்தப் புள்ளி நிபந்தனைகளிலேயே எழுப்பலாம். நாட்டின் மிகப் பெரிய கட்டடக்காரர்களுள் ஒருவரான அரசு கேட்கத் தொடங்கினால், ஆலைகள் பதில் சொல்லியே தீரவேண்டும்.