ஏமன் யுத்தமும் பாராளுமன்றங்களின் வாக்கும்

2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய ஐரோப்பியப் பாராளுமன்றம், அரேபியத் தீபகற்பத்தின் தென்மேற்குக் கோடியில் உள்ள ஏமன் நாட்டு ஜனங்கள் படும் துயரத்தை விவாதித்து, சவுதி அரேபியாவுக்கு ஆயுதம் விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதிலும் தடை செய்வதற்கு முயற்சி எடுக்க வேண்டும் என்று 359 வாக்குகளின் ஆதரவுடன் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் 212 பேர். எப்பக்கமும் சேராதவர்கள் 31 பேர். இவ்வளவு பெரிய சபை இவ்வளவு தெளிவாகத் தன் அபிப்பிராயத்தை வெளியிட்ட பிறகும் அந்தத் தடை அப்போதும் வரவில்லை, அதற்குப் பின்னரும் வரவில்லை. அந்நிய தேசமொன்றின் யுத்த அவலத்தைக் கண்டு ஒரு பாராளுமன்றம் குரல் எழுப்பியது என்ற செய்தியைப் பத்திரிகையில் வாசிக்கிறவர்களுக்கு, அந்தக் குரலினால் ஆகக்கூடியது என்ன, ஆகாதது என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு விடை தேட ஏமனைப் போல் உதவும் உதாரணம் சமீப காலத்தில் வேறில்லை.

2014 செப்டம்பரில், வடக்கு மலைப்பிரதேசத்திலிருந்து கிளம்பிய ஹூதி இயக்கத்தார் தலைநகரமான சனாவைக் கைப்பற்றினார்கள். அடுத்த ஆண்டு மார்ச் 26-ஆம் தேதி, ஜனாதிபதி ஹாதியின் அரசாங்கத்தை மீண்டும் நிலைநிறுத்தும் நோக்கத்துடன், சவுதி அரேபியாவின் தலைமையில் ஒரு கூட்டணி ஆகாயத் தாக்குதலைத் தொடங்கியது. தன் உணவில் ஏறக்குறைய 90 சதவீதத்தைக் கப்பலில் தருவித்துக்கொள்ளும் நாடு அது. வருவதில் பெரும்பகுதி செங்கடற்கரையில் உள்ள ஹொடைடா துறைமுகத்தின் வழியாகவே வந்தாக வேண்டும். அந்தத் துறைமுகத்தின் கிரேன்களை 2015 ஆகஸ்டில் கூட்டணி விமானங்கள் குண்டுவீசித் தகர்த்தன. அவற்றுக்குப் பதிலாக அமெரிக்க அரசாங்கத்தின் பணத்தைக் கொண்டு உலக உணவுத் திட்டம் வாங்கி அனுப்பிய நான்கு கிரேன்களையும் இறக்கவொட்டாமல் கூட்டணி திருப்பியனுப்பியது. அவை கரையேறுவதற்கு 2018 ஜனவரி ஆயிற்று. கூட்டணிக்கு விமானங்களை விற்றதும் அமெரிக்கா, புதிய கிரேனுக்குப் பணம் கொடுத்ததும் அமெரிக்கா என்பதை வாசகர்கள் இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

ஏமனில் பரவிய பசிக்குத் துறைமுகம் முடங்கியது மட்டுமே காரணமன்று. 2016 செப்டம்பரில் மத்திய வங்கியின் தலைமையகம் சனாவிலிருந்து ஏடனுக்கு மாற்றப்பட்டபின், லட்சக்கணக்கான அரசாங்க ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றுபோயிற்று. ஆசிரியரும் ஆஸ்பத்திரி ஊழியரும் கடையில் மாவு இருந்தும் வாங்க வழியின்றி நின்றார்கள். ஹூதிகளும் நிரபராதிகள் அல்லர். நிவாரண உணவு அவர்கள் ஆளுகைக்குட்பட்ட சனாவில் வேறு கைகளுக்குப் போகிறது என்று 2019 ஜூனில் உலக உணவுத் திட்டமே அங்கு விநியோகத்தின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தது. குழாய்நீரும் சாக்கடையும் சீர்கெட்டதனால் பரவிய காலராவில், சந்தேகத்துக்குரிய நோயாளிகளின் தொகை 2017 இறுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது. 2021 முடிவதற்குள் இந்த யுத்தம் சுமார் 3,77,000 உயிர்களைப் பலிகொண்டிருக்கும் என்றும், அவர்களில் 60 சதவீதம் பேர் ஆயுதத்தால் அல்ல, பசியாலும் நோயாலும் இறந்தவர்களாக இருப்பார்கள் என்றும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டம் கணக்கிட்டது.

இனி அந்த ஐரோப்பியத் தீர்மானத்துக்கு வருவோம். ஒன்றியத்தின் வெளிநாட்டுக் கொள்கையில் முடிவெடுக்கும் அதிகாரம் அங்கத்துவ நாடுகளின் மந்திரிகள் கூடும் சபைக்கே உரியது. ஆயுதத் தடை போன்ற விஷயத்தில் அந்தச் சபை ஏகமனதாக இருக்க வேண்டும். ஆயுதம் விற்க லைசென்ஸ் வழங்குவதோ அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் சொந்த விவகாரம். விற்கும் ஆயுதம் மனிதாபிமானச் சட்டத்தை மீறப் பயன்படும் என்ற தெளிவான அபாயம் இருந்தால் லைசென்ஸ் மறுக்கப்பட வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டிலேயே ஒரு பொது விதி செய்திருக்கிறார்கள். ஆனால் அபாயம் தெளிவாக இருக்கிறதா என்று தீர்மானிக்கிறவர் லைசென்ஸ் வழங்குகிறவரேதான். ஆகவே 359 பேர் கையுயர்த்தியதன் சட்ட மதிப்பு, ஒரு வேண்டுகோளின் மதிப்புக்கு மேற்பட்டதன்று.

எனினும் அதை வீண் என்று தள்ளிவிடுவதும் அவசரமாகும். அடுத்த மாதமே நெதர்லாந்துப் பாராளுமன்றம் தன் அரசாங்கத்தை நோக்கி அதே கோரிக்கையை நிறைவேற்றியது. ஜெர்மனியில் 2018-இல் கூட்டணி ஆட்சி அமைத்த கட்சிகள், ஏமன் யுத்தத்தில் நேரடியாக ஈடுபட்ட நாடுகளுக்கு ஆயுதம் அனுப்புவதில்லை என்று தங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டன. சவுதி அரேபியாவைப் பொறுத்தவரை அது அமலுக்கு வருவதற்கு, பத்திரிகையாளர் ஜமால் கஷோகி அவ்வாண்டு அக்டோபரில் இஸ்தான்புல்லில் உள்ள சவுதி துணைத் தூதரகத்தில் கொலையுண்டது வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பசியால் மடிந்த பல்லாயிரவர் அசைக்க முடியாத அரசாங்கத்தை ஒரு மனிதரின் கொலை அசைத்தது என்பது கசப்பான உண்மை.

பிரிட்டனின் கதை வேறு. அங்கே 2016 அக்டோபர் 26-ஆம் தேதி, கூட்டணிக்குத் தரும் ஆதரவை நிறுத்திவைக்கும்படி எதிர்க்கட்சியான தொழிற்கட்சி கொண்டுவந்த பிரேரணை 193-க்கு 283 என்ற கணக்கில் தோற்றது. தோற்றதற்குக் காரணம் அக்கட்சியின் அங்கத்தினரிலேயே நூறு பேர் அளவில் அதை ஆதரித்து வாக்களிக்காததுதான். பாராளுமன்றம் செய்யாததை நியாயஸ்தலம் ஓரளவு செய்தது: லைசென்ஸ் வழங்கிய முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜூன் 20-இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், அரசாங்கம் தன் முறையைத் திருத்திக்கொண்டதாகச் சொல்லி லைசென்ஸ்களை மீண்டும் வழங்கத் தொடங்கிற்று.

மிகக் குறைந்த ஆரவாரத்துடன் மிகத் திட்டவட்டமான பலனைக் கண்டது பாகிஸ்தான் பாராளுமன்றம். யுத்த விமானங்களும் கப்பல்களும் துருப்புகளும் வேண்டுமென்று சவுதி அரேபியா கேட்டபோது, ஐந்து நாள் கூடி விவாதித்த அதன் கூட்டுக் கூட்டம், 2015 ஏப்ரல் 10-ஆம் தேதி, இந்தச் சண்டையில் நாடு நடுநிலை வகிக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. கேட்டவரோ பல்லாண்டு கால நண்பர், பணம் கொடுத்து உதவியவர். அப்படியிருந்தும் மறுக்க முடிந்ததற்கு, போகாத படையைப் போகாமலே நிறுத்திவைப்பது, போய்விட்ட படையைத் திரும்ப அழைப்பதை விடச் சுலபம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அமெரிக்கக் காங்கிரஸ்தான் இந்த நாடகத்தின் பெரிய அரங்கம். கூட்டணி விமானங்களுக்கு ஆகாயத்திலேயே எரிபொருள் ஊட்டியும், தகவல் கொடுத்தும், குண்டுகள் விற்றும் உதவிய வாஷிங்டன், அதற்காகக் காங்கிரஸின் அனுமதியை ஒருபோதும் கேட்டதில்லை. யுத்தப் பிரகடனம் செய்யும் அதிகாரம் காங்கிரஸுக்கே உரியது என்கிறது அந்நாட்டு அரசியல் சட்டம். வியட்நாம் அனுபவத்துக்குப் பின் 1973-இல் இயற்றிய யுத்த அதிகாரச் சட்டம், அனுமதியின்றிச் சண்டையில் ஈடுபடுத்திய படையை விலக்கும்படி ஜனாதிபதிக்கு ஆணையிடும் வழியையும் வகுத்திருக்கிறது. எரிபொருள் கொடுப்பது சண்டையில் ஈடுபடுவதாகாது என்பது நிர்வாகத்தின் வாதம். வெர்மான்ட் மாகாணத்தின் செனட்டர் பெர்னி சாண்டர்ஸும், அவருக்கு எல்லா விதத்திலும் எதிரான கொள்கையுடைய ரிபப்ளிகன் கட்சியின் மைக் லீயும் சேர்ந்து அந்த வாதத்தை எதிர்த்தார்கள்.

2018 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, ஏமனின் சாதா மாகாணத்தில் தஹ்யான் என்ற ஊரின் சந்தையில் நின்றிருந்த பள்ளிப்பிள்ளைகளின் பஸ்ஸின் மீது கூட்டணியின் குண்டு விழுந்து, 40 குழந்தைகள் உள்பட 51 பேர் மாண்டார்கள். அந்தக் குண்டு அமெரிக்கக் கம்பெனியான லாக்ஹீட் மார்ட்டின் தயாரித்தது என்ற செய்தி வெளியானதும், அதுவரை தூர தேசத்து விவகாரமாக இருந்தது உள்நாட்டு விவகாரமாயிற்று. நவம்பரில் எரிபொருள் ஊட்டுவது நின்றது. டிசம்பர் 13-ஆம் தேதி செனட் சபை 56-க்கு 41 என்ற கணக்கில், கூட்டணிக்குத் தரும் உதவியை நிறுத்தக் கோரிய சாண்டர்ஸின் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அதே நாளில், சுவீடனில் பேச்சு நடத்திக்கொண்டிருந்த ஏமனின் இரு தரப்பாரும் ஹொடைடாவில் சண்டையை நிறுத்த உடன்பட்டார்கள். ஒன்றுக்கு மற்றது காரணம் என்று சாதிப்பது மிகை. வாஷிங்டனின் போக்கை சவுதித் தலைநகர் ரியாத்தில் இருந்தவர்கள் கவனிக்காதிருந்தார்கள் என்று எண்ணுவது அதைவிடப் பேதைமை.

ஆனால் பிரதிநிதிகள் சபையில் என்ன நடந்தது? விவசாய மசோதா ஒன்றை விவாதிப்பதற்கான விதிமுறையில், ஏமன் பற்றிய தீர்மானத்தை அவ்வாண்டு எடுத்துக்கொள்ளலாகாது என்று ஒரு வாசகத்தைச் செருகி, 206-க்கு 203 என்று மூன்று வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றிக்கொண்டார்கள். விவசாயிகளின் மானியத்துக்கும் ஏமன் நாட்டுப் பிள்ளைகளின் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர் சபை நடைமுறை அறியாதவர். அடுத்த ஆண்டு புதிய காங்கிரஸில் தீர்மானம் மறுபடியும் முதலிலிருந்து கிளம்பி, மார்ச்சில் செனட்டில் 54-க்கு 46 என்றும், ஏப்ரல் 4-ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 247-க்கு 175 என்றும் நிறைவேறியது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இத்தகைய ஆணையை இரு சபைகளும் நிறைவேற்றியது அதுவே முதல் தடவை. ஜனாதிபதி டிரம்ப் ஏப்ரல் 16-இல் அதை ரத்து அதிகாரத்தால் நிராகரித்தார். மீண்டும் நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மே 2-ஆம் தேதி செனட்டில் கிடைத்தது 53-க்கு 45.

யுத்தத்தைத் தடுக்கும் அதிகாரம் இவ்வாறு பல இடங்களில் முடங்கிற்று. செலவுப் பணத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமோ ஓரிடத்தில் தங்குதடையின்றி நடந்தது. 2021 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபை ஏமனுக்காக 385 கோடி டாலர் கேட்டபோது, நாடுகள் தருவதாக உறுதியளித்தது அதில் பாதிக்கும் குறைவு. அவ்வாண்டு பிரிட்டன் தன் பங்கை வெகுவாகக் குறைத்துக்கொண்டது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 0.5 ஆக்கிய அரசாங்கத்தின் முடிவை, ஜூலை 13-ஆம் தேதி காமன்ஸ் சபை 298-க்கு 333 வாக்குகளால் அங்கீகரித்தது. ஆயுதத்தை நிறுத்த வேண்டும் என்ற பிரேரணையைத் தோற்கடித்த அதே சபை, உதவியைக் குறைக்க வேண்டும் என்ற பிரேரணையை ஜெயிக்க வைத்தது. என் அபிப்பிராயத்தில், ஏமன் விஷயத்தில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் உண்மையான நிலையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அதன் அனுதாபப் பிரசங்கங்களைப் படிக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு வாக்கெடுப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும்.

டிரம்புக்குப் பின் வந்த பைடன், 2021 பிப்ரவரி 4-ஆம் தேதி, தாக்குதலுக்கான உதவியும் அதற்குரிய ஆயுத விற்பனையும் நிறுத்தப்படும் என்று அறிவித்தார். இரு சபைகள் கூடியும் முடியாதது ஓர் உரையில் முடிந்தது. 2022 ஏப்ரலில் ஐக்கிய நாடுகளின் ஏற்பாட்டில் சண்டைநிறுத்தம் வந்தது. 2024 ஆகஸ்டில், அந்த விற்பனைத் தடையை அமெரிக்க நிர்வாகமே நீக்கிக்கொண்டது.