குத்தகை உறுதியும் மின்சாரமும்



நம் முன்னோர் எழுதிவைத்த காணியுறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். நிலத்தின் பரப்பு இவ்வளவு, நான்கு எல்லைகளும் இன்னின்னாருடைய காணிகள், கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரித்து இன்ன பக்கம் என்று ஐயத்துக்கு இடமின்றி வரைந்திருப்பார்கள். துலா மிதித்து நீர் இறைத்த அம்மக்கள், 'கிணறு உண்டு' என்ற இரு சொற்களோடு அமைந்துவிடவில்லை. அவர்தம் பேரர்களாகிய நாம் இன்று எழுதும் குத்தகை உறுதிகளிலோ, மின்சாரத்தைப் பற்றிப் பெரும்பாலும் காணப்படுவது 'மின்சார வசதி உண்டு' என்னும் ஒரே வரிதான்.

வன்னியில் இதற்கு ஒரு காரணம் உண்டு. போர்க்காலத்திலே நீண்ட பல ஆண்டுகள் எங்கள் பகுதியில் மின்வழங்கல் இருக்கவில்லை. பிள்ளைகள் குப்பி விளக்கில் படித்தனர். வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து மின் எடுத்தோம். 2009ஆம் ஆண்டின் பின்னர் கம்பிகள் மீண்டும் வந்தபோது, ஒரு மின்குமிழ் ஒளிர்ந்ததே பெரும்பேறாகத் தோன்றிற்று. எவ்வளவு மின்சாரம் என்று கேட்க அப்பொழுது யாருக்கு மனம் வரும்?

எனினும் கேட்கத்தான் வேண்டும். என் பழைய மாணவர் ஒருவர், மிளகாயும் மாவும் அரைக்கும் ஆலை நிறுவ எண்ணி, கண்டாவளையில் ஒரு களஞ்சியக் கட்டடத்தை ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். மின்மானி இருந்தது, விளக்கு எரிந்தது, முற்பணமும் கொடுத்தாயிற்று. பத்துக் குதிரைவலு மோட்டாரைக் கொணர்ந்து இறக்கிய பின்னரே, அங்கிருந்தது வீட்டுக்குரிய முப்பது அம்பியர் ஒற்றை அவத்தை இணைப்பு என்பது தெரியவந்தது. உரிமையாளர் பொய் சொல்லவில்லை. "மின்சாரம் இருக்கிறது என்றேன், இருக்கிறதுதானே, தம்பி" என்றார். மாணவரும் பிழை செய்யவில்லை. பிழை அந்த ஒரு வரியில் இருந்தது.

கணக்கு எளியது. நமது வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. அதனை 30 அம்பியரால் பெருக்கினால் 6,900 வாற்று, அதாவது ஏறக்குறைய 7 கிலோவாற்று. ஒரு குதிரைவலு 746 வாற்று ஆகலின், பத்துக் குதிரைவலு மோட்டார் வெளியே தரும் வேலைக்கு மட்டுமே 7,460 வாற்று வேண்டும். அது உள்ளே இழுப்பது இன்னும் அதிகம். நேரடியாகத் தொடக்கும் மோட்டார், புறப்படும் வேளையில் தன் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுத்துக்கொள்ளும். மேலும் இத்தகைய மோட்டார்கள், ஊரில் 'திறீ பேஸ்' என வழங்கும் மூவவத்தை மின்னுக்கே பெரும்பாலும் செய்யப்படுகின்றன. முப்பது அம்பியர் மூவவத்தை இணைப்பு 20 கே.வி.ஏ. அளவும், அறுபது அம்பியர் இணைப்பு 41 கே.வி.ஏ. அளவும் தாங்கும். மின் கட்டண வகுப்புகள் 42 கே.வி.ஏ. என்ற எல்லையில் பிரிக்கப்பட்டமைக்கு இதுவே அடிப்படை.

அளவு ஒருபுறமிருக்க, வகையும் உண்டு. 1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை முதியோர் நினைவுகூர்வர். அங்கே உப்பு நீரூடாக நேர்மின்னோட்டம் செலுத்தி எரிசோடாவும் குளோரீனும் பிரித்தெடுத்தார்கள். உப்பைப் போலவே மின்சாரமும் அங்கே மூலப்பொருள். அத்தகைய இடத்தில் 'மின்சார வசதி உண்டு' என்று எழுதினால் என்ன பொருள்படும்! பெருநகரங்களில் அலுவலகம் வாடகைக்கு விடுவோர், சதுர அடிக்கு இத்தனை வாற்று என ஒப்பந்தத்திலேயே குறிப்பதுண்டு.

சட்டத்தின் பக்கம் வருவோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. எழுதிய உறுதிக்கு மாறாக, 'இணைப்பை மாற்றித் தருவேன் என்று வாயாற் சொன்னார்' என நீதிமன்றில் நிலைநாட்டுவது மிகக் கடினம். நொத்தாரிசு எல்லைகளைத் தாமே கேட்பார், அம்பியரைக் கேட்கமாட்டார். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

ஆகவே இப்படி எழுதலாம்: 'இக்கட்டடத்துக்கு 400 வோல்ற்று, மூவவத்தை, 30 அம்பியர் மின்னிணைப்பை, உரிய கட்டண வகுப்பில், இன்ன திகதிக்கு முன் உரிமையாளர் தமது செலவிற் பெற்றுத் தருவார். அது கிடைக்கும் நாளிலிருந்தே குத்தகைப் பணம் கணக்கிடப்படும்.' இந்தக் கடைசி வாக்கியமே உயிர்நாடி. செலவு குத்தகைக்காரருடையதாயின், அது குத்தகைப் பணத்திற் கழிக்கப்படுமா என்பதையும் எழுதுக. நிலத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டது நிலவுரிமையாளரைச் சேரும் என்பது நம் நாட்டில் வழங்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. கூரையில் சூரிய மின்தகடு பதிக்க எண்ணுவோர் இதை மறத்தலாகாது.

மின்மானிக்கு அப்பாலுள்ள பிரதான ஆளி, 'ட்ரிப் சுவிச்', புவித்தொடுப்பு ஆகியவற்றைப் பேணுவது யார் என்பதும் உறுதியில் இடம்பெற வேண்டும். புவித்தொடுப்பை மாரியிற் சோதித்துத் திருப்தியடைய வேண்டாம். ஆவணி வெயிலில் நம் மண் காய்ந்து இறுகும்போது அதன் மின்தடை ஏறிவிடும். சோதனையை அப்பொழுது செய்விப்பதே உத்தமம்.

என் மாணவர், உரிமையாளருடன் பேசிச் செலவில் பாதியை ஏற்றுக்கொண்டார். இணைப்பு வரும்வரை ஏழு மாதம் மோட்டார் சாக்கு மூடிக் கிடந்தது. அந்த ஏழு மாதக் குத்தகைப் பணமும் திரும்பவில்லை. இரண்டாவது கட்டடம் எடுத்தபோது, உறுதியில் ஒப்பமிடும் அன்று இருவருமாகச் சென்று மின்மானி காட்டிய எண்ணை வாசித்து, அதையும் எழுதிக் கையொப்பமிட்டனர்.