கப்பல்ல தூங்கப் போற குழந்தைக்கு என்ன கதை சொல்லலாம்? பெரம்பலூர், அரியலூர் பெற்றோருக்கு ஒரு கைடு

பெரம்பலூர் மாவட்டத்திலும் கடல் இல்லை, அரியலூர் மாவட்டத்திலும் கடல் இல்லை. ஆனால், பெரம்பலூரில் பஸ்ஸோ அரியலூரில் ரயிலோ ஏறினால் சென்னை. அங்கே துறைமுகத்தில் இருந்து கோர்டெலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் பயணத்தை 2022 ஜூன் 4-ம் தேதி முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அதன்பிறகு 'லீவுக்கு ஒரு குரூஸ் போலாமா?' என்ற கேள்வி சாதாரணக் குடும்பங்களிலும் எட்டிப் பார்க்கிறது.

டிக்கெட், ஆதார் அட்டை, வாந்தி மாத்திரை, குழந்தைக்கு மாற்று டிரஸ் என எல்லாமே லிஸ்ட்டில் இருக்கும். ஆனால் முதல் நாள் ராத்திரி கேபினில் லைட்டை அணைத்ததும் ஒரு குரல் வரும் பாருங்கள்: "அப்பா, கதை சொல்லுப்பா!" போனை எடுத்தால் சிக்னல் இல்லை. யூடியூப்பில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. இப்போ என்ன பண்றது?

கப்பலில் கதை ஏன் கூடுதல் முக்கியம்?

புது இடம், புதுப் படுக்கை, காலடியில் லேசான ஆட்டம், ராத்திரி முழுக்க எங்கிருந்தோ வரும் இன்ஜின் அதிர்வு. இது போதும், குழந்தையின் தூக்கம் கலைவதற்கு. விலை குறைவான உள்பக்க கேபின்களில் ஜன்னல் கிடையாது. லைட்டை அணைத்தால் கும்மிருட்டு. வீட்டு இருட்டுக்குப் பழகிய குழந்தைக்கு இந்த இருட்டு வேறு மாதிரி இருக்கும்.

வீட்டில் இருந்து கொண்டுபோகக்கூடிய ஒரே 'பழக்கப்பட்ட' விஷயம், தினமும் தூங்கும்முன் கேட்கும் அப்பா, அம்மாவின் குரல்தான். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்கள் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையும் ஊக்குவிக்கிறது. 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் சொல்கிறது. பகல் முழுக்க நீச்சல் குளம், ராத்திரி ஷோ என்று ஓடும் கப்பலில் முதலில் அடிபடுவது இந்தத் தூக்கம்தான்.

சிக்னல் போனால்?

கரையில் இருந்து கப்பல் விலகியதும் மொபைல் டவர் கைவிட்டுவிடும். கப்பலில் கிடைப்பது செயற்கைக்கோள் வழி வைஃபை. பெரும்பாலும் தனிக் கட்டணம், வேகமும் நிச்சயமில்லை. கப்பலின் நெட்வொர்க்கில் போன் தானாக இணைந்தால் ரோமிங் பில் எகிறும் என்பதால் பலரும் ஃபிளைட் மோடில்தான் வைத்திருப்பார்கள். கப்பலில் புத்தக அலமாரி இருந்தாலும் அதில் தமிழ்க் குழந்தைப் புத்தகம் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. அதனால் கதையைக் கரையிலேயே தேடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே கிடைக்கும்?

* ஸ்டோரிவீவர்: பிரதம் புக்ஸ் 2015 செப்டம்பர் 8-ல், அதாவது உலக எழுத்தறிவு நாளில் தொடங்கிய இணையதளம். தமிழ்க் கதைகள் இலவசம், டவுன்லோடும் செய்யலாம். எளிதில் இருந்து கடினம் வரை 4 நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். முதல் நிலைக் கதையில் அதிகபட்சம் 250 வார்த்தைகள்தான். அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும், படுக்கை நேரத்துக்கு சரியான அளவு.

* அச்சுப் புத்தகம்: 1996-ல் சென்னையில் தொடங்கப்பட்ட துளிகா பதிப்பகத்தில் தமிழ்ப் படக்கதைகளோடு, தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் இருமொழிப் புத்தகங்களும் உண்டு. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு இது ரொம்ப வசதி. நேஷனல் புக் டிரஸ்ட்டின் 'நேரு பால புஸ்தகாலயா' வரிசையும், பாரதி புத்தகாலயத்தின் குழந்தை நூல்களும் பட்ஜெட்டுக்குள் அடங்கும்.

* நூலகம்: பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊரிலும் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. உறுப்பினராக இருந்தால் நாலு புத்தகத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை. கிளம்பும் வாரத்தில் குழந்தையையே கூட்டிப் போய்த் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 'இது என் புக்' என்ற உரிமையும் வந்துவிடும்.

* பள்ளி: தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிநிலைகளில் வருகின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவை ஏற்கெனவே அறிமுகமாகி இருக்கும்.

* அப்பாயி வாய்ஸ் நோட்: ஊரில் இருக்கும் அப்பாயியையோ அம்மாயியையோ ரெண்டு கதை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். கரையிலேயே ஒருமுறை டவுன்லோட் ஆகிவிட்டால் நடுக்கடலிலும் ஓடும். திரையும் தேவையில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கலாம்.

எதைத் தவிர்க்கலாம்?

முதல் விஷயம், மூழ்கும் கப்பல். டைட்டானிக், சிந்துபாத், புயலில் சிக்கிய மாலுமி போன்றவையெல்லாம் நல்ல கதைகள்தான். ஆனால் கப்பல் ஆடும்போது, கட்டிலில் படுத்துக்கிட்டு, 5 வயதில் கேட்க வேண்டியவை இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம். வேதாளக் கதைகளுக்கும் இதேதான்.

இரண்டாவது, தலைசுற்றல். கண் அசையாத எழுத்தைப் பார்க்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆட்டத்தை உணர, மூளை குழம்பி வாந்தி வரும். கடல் கொந்தளிப்பாக இருக்கும் இரவில் புத்தகத்தை மூடிவிடுவதே நல்லது. குழந்தை கண்ணை மூடிப் படுத்திருக்கட்டும், நீங்கள் வாயாலேயே சொல்லுங்கள். 'எனக்குக் கதையே தெரியாதே!' என்கிறீர்களா? பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

உங்க ஊரே ஒரு கடல் கதை

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில், இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி கடலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கடல் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற சிப்பிகள், கடல் முள்ளெலிகள், சுறாப் பற்கள் எல்லாம் புதைபடிவங்களாக இன்றும் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை பகுதியில் செடிகொடி குறைவான மண்மேடுகளுக்கு நடுவே நடந்தால், அது பழைய கடலடி.

கதைக்கு ஹீரோவும் ரெடி: அம்மோனைட். முறுக்கு மாதிரி சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்த கடல் உயிரினம், கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தக்காரன். டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அதே காலகட்டத்தில் இதுவும் காணாமல் போனது. பல வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமம்கூட இமயமலைப் பகுதியில் கிடைக்கும் அம்மோனைட் படிவம்தான். 'உங்க தாத்தா ஊர்ல ஒரு அம்மோனைட் இருந்துச்சாம்...' என்று ஆரம்பித்தால் மீதியைக் குழந்தையே சொல்லும்.

அடுத்த இரவுக்கு சாத்தனூர் மரம். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்த, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம். கடலோரம் நின்ற மரம் தண்ணீரில் அடித்துவரப்பட்டு, கடலடிச் சேற்றில் புதைந்து, மெல்ல மெல்லக் கல்லாக மாறியது.

சிரிக்க வேண்டுமா? 2020 அக்டோபரில் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தபோது 'டைனோசர் முட்டை' என்று சமூக வலைதளங்களில் பரவியது. கடைசியில் அவை முட்டையே இல்லை, கடல் படிவுகள் திரண்டு உருவான கற்கள் என்று விளக்கம் வந்தது. 'முட்டை இல்லாத முட்டை' கதைக்கு எந்தக் குழந்தையும் சிரிக்கும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு

8 வயதுக்கு மேல் என்றால் கங்கைகொண்ட சோழபுரம். அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழனின் கடற்படைதான் 1025-ம் ஆண்டு வாக்கில் வங்கக் கடலைத் தாண்டி, ஸ்ரீவிஜயப் பேரரசின் கடாரம் வரை சென்றது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா. சென்னையில் இருந்து கிளம்பும் கப்பலில் பிள்ளை பார்க்கிற கடலும் அதே வங்கக் கடல்தான். 'இந்த இன்ஜின் இல்லாம, காத்தை மட்டும் நம்பி எப்படிப்பா போனாங்க?' என்ற கேள்வி வந்தால் அன்றைய கதை வெற்றி.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

1. ஓர் இரவுக்கு ஒன்று, ஸ்பேருக்கு ஒன்று என்று கதைகளை எண்ணி எடுங்கள். 2 இரவுப் பயணத்துக்கு 3 கதை போதும்.
2. அதில் ஒன்று, ஏற்கெனவே நூறு தடவை படித்த பழைய புத்தகமாக இருக்கட்டும். புது இடத்தில் அதுதான் சீக்கிரம் தூங்க வைக்கும்.
3. டவுன்லோட் செய்த கதைகளை வீட்டிலேயே ஃபிளைட் மோடில் திறந்து பாருங்கள்.
4. சின்ன டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும். கேபின் லைட்டை முழுசாகப் போட்டால் வந்த தூக்கமும் போய்விடும்.
5. ஷோ எவ்வளவு நல்லா இருந்தாலும், வீட்டில் கதை சொல்லும் நேரத்தைத் தாண்டி ரொம்பத் தள்ளிப் போடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கப்பலில் இருட்டில் கேட்ட அம்மோனைட்டை, பிள்ளை அங்கே கண்ணால் பார்க்கும்.